பாஹோ எம்க்யூடிடி5: மூன்று ரூட்டும் மாறி மாறி அறுகின்றன, நிறுத்தி ஏற்றினால் பழைய அளவும் வருவதில்லை

வெண்ணாற்றங்கரை (கேள்வி)

என்னிடம் ஓடுபவை: செய்திகளை ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் சேர்க்கும் அப்பாச்சி கேமல் 4, அது ஓடும் ஜாவா சட்டகமான ஸ்பிரிங் பூட் 3, எம்க்யூடிடி (சிறு கருவிகள் செய்தி அனுப்பும் நெறிமுறை) செய்திகளை வாங்கி விநியோகிக்கும் புரோக்கரான மொஸ்கிட்டோ 2. கேமலிலிருந்து புரோக்கரோடு பேசுவது பாஹோ எம்க்யூடிடி5 காம்பொனென்ட். மூன்று இடங்களில் நீர்மட்ட சென்சார் இருக்கிறது: கல்லணையில் வெண்ணாற்றுத் தலைப்பு (ஆறு பிரியும் இடம்), தென்பெரம்பூர், நீடாமங்கலம் மூணாறு தலைப்பு. ஒவ்வொன்றும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டத்தைச் செ.மீ. கணக்கில் அனுப்பும். ஒரு டாபிக்குக்கு (ஒரு சென்சாரின் செய்திகளுக்கு வைத்த பெயர்) ஒரு ரூட் (கேமலில் செய்தி போகும் வழி) என மூன்று ரூட்கள், மூன்றும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேபிளில் எழுதுகின்றன. முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் எந்த ஊருக்கு எப்போது ஏறியது என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு ரூட் மட்டும் ஓடினால் பிரச்சினை இல்லை. மூன்றையும் ஏற்றினால் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றாக இணைப்பு அறுந்து, தானே மறுபடி இணைகிறது. போதாததற்கு, கரண்ட் போய் கேமல் நின்றிருந்த நேரத்து அளவுகள் திரும்ப ஏற்றிய பிறகும் வருவதில்லை.

கேமல்.காம்பொனென்ட்.பாஹோ-எம்க்யூடிடி5 என்ற முன்னொட்டோடு பிராபர்ட்டீஸ் கோப்பில் இருப்பவை:

புரோக்கர்-யூஆர்எல் = டிசிபி://லோக்கல்ஹோஸ்ட்:1883
கிளையன்ட்-ஐடி = வெண்ணாறு-ரூட்டர்
கிளீன்-செஷன் = ஃபால்ஸ்

ரூட்களின் யூஆர்ஐ-யில் (ரூட் எங்கே இணைய வேண்டும் என்று எழுதும் முகவரி) டாபிக் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை.

குடந்தை ஜாவா

அறுந்து போறதுக்குக் காரணம் அந்த ரெண்டாவது வரி. காம்பொனென்ட் மட்டத்துல போட்ட மதிப்பு அதுலேர்ந்து வர்ற எல்லா எண்ட்பாயிண்ட்டுக்கும் (ரூட் இணையற முனை) இயல்பு மதிப்பா இறங்கும். பாஹோல ஒவ்வொரு ரூட்டும் தனக்குன்னு ஒரு கிளையன்ட்டை உண்டாக்கிக்கும். ஆக, ஒரே ஐடியோட மூணு கிளையன்ட் புரோக்கர்கிட்ட போய் நிக்குது. அதே ஐடியில புதுசா ஒருத்தர் வந்தா பழைய இணைப்பைத் துண்டிக்கணும்னு எம்க்யூடிடி நெறிமுறையே சொல்லுது. தானா மறுபடி இணையற ஆப்ஷன் இயல்பாவே ட்ரூ. அதனால அறுந்தது திரும்ப வந்து இன்னொண்ணைத் தள்ளும். இது முடியவே முடியாது.

உறுதி பண்ணிக்க மொஸ்கிட்டோவை மைனஸ் வி போட்டு (நடக்கறதை விவரமா காட்டும்) ஓட்டுங்க. இந்தக் கிளையன்ட் ஏற்கெனவே இணைஞ்சிருக்கு, பழைய இணைப்பை மூடறேன்னு அடுத்தடுத்து வரி வரும். எம்க்யூடிடி பதிப்பு 5-ல துண்டிப்புக் காரண எண் 142.

சரி பண்ண, கிளையன்ட்-ஐடியை பிராபர்ட்டீஸ்லேர்ந்து எடுத்துட்டு மூணு யூஆர்ஐ-லயும் தனித்தனியா கொடுங்க: வெண்ணாறு-கல்லணை, வெண்ணாறு-தென்பெரம்பூர், வெண்ணாறு-மூணாறு. புரோக்கர் முகவரி மாதிரி எல்லாருக்கும் பொதுவானது மட்டும் காம்பொனென்ட்ல இருக்கட்டும். ரெண்டு இடத்துலயும் ஒரே ஆப்ஷன் இருந்தா யூஆர்ஐ-ல இருக்கறதுதான் செல்லும்.

ஐடியே கொடுக்காம விட்டாலும் அறுபடறது நிக்கும். ஆனா ஒவ்வொரு தடவை ஏத்தறப்பவும் கேமல் புதுப் பேர் வச்சுக்கும், பழைய செஷன் (கிளையன்ட் இல்லாதப்பவும் புரோக்கர் அது பேர்ல வச்சிருக்கற கணக்கு) கிடைக்காது. உங்க ரெண்டாவது பிரச்சினை அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு: மொஸ்கிட்டோ_சப் (செய்தியை வாங்கிக் காட்டற கட்டளை) வச்சு சோதிக்கறப்ப மைனஸ் ஐ-ல அதே கிளையன்ட்-ஐடியைக் கொடுத்துடாதீங்க. ஓடிட்டிருக்கற ரூட்டை நீங்களே தள்ளி விடுவீங்க.

அரசலாறு

மூன்றாவது வரி வேலையே செய்யவில்லை. கிளீன்-செஷன் என்பது பழைய பாஹோ காம்பொனென்ட்டின் ஆப்ஷன். எம்க்யூடிடி5-இல் அதன் பெயர் கிளீன்-ஸ்டார்ட். யூஆர்ஐ-யில் தவறான பெயரை எழுதியிருந்தால் ஏற்றும்போதே 'தெரியாத பாராமீட்டர்' என்று எண்ட்பாயிண்ட் பிழை விழுந்திருக்கும். பிராபர்ட்டீஸ் கோப்பில் எழுதினால் ஸ்பிரிங் பூட் தெரியாத பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சந்தேகம் வரும் எந்த ஆப்ஷனையும் முதலில் யூஆர்ஐ-யில் எழுதி ஏற்றிப் பார்ப்பதே நல்லது.

கிளீன்-ஸ்டார்ட்டை ஃபால்ஸ் ஆக்கினால் மட்டும் போதாது. பதிப்பு 5-இல் செஷன் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பது தனிக் கணக்கு. செஷன்எக்ஸ்பைரிஇன்டர்வல் கொடுக்காவிட்டால் அது பூஜ்யம், இணைப்பு போன கணமே செஷனும் போய்விடும். மொஸ்கிட்டோ 2 ஒரு கிளையன்ட்டுக்கு இயல்பாக 1000 செய்திகள் வரை வரிசையில் வைக்கும். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12, ஏறத்தாழ 83 மணி நேரம் தாங்கும். அதற்குள் அடங்குகிற மாதிரி 259200 நொடி, அதாவது 3 நாள் கொடுங்கள்.

புரோக்கரும் அதே கணினியில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து விழும். மொஸ்கிட்டோ கோப்பில் பெர்சிஸ்டன்ஸ் (வரிசையை வட்டில் சேமிப்பது) ட்ரூ இருக்கிறதா பாருங்கள். ஆட்டோசேவ்_இன்டர்வல் இயல்பாக 1800 நொடி. திடீரென அணைந்தால் கடைசி அரைமணி நேரத்து வரிசை வட்டில் இருக்காது, 60 ஆகக் குறையுங்கள்.

வெண்ணாற்றங்கரை

அறுபடுவது நின்றுவிட்டது, நன்றி. கேமலை மட்டும் அரைமணி நேரம் நிறுத்திச் சோதித்தேன். மொஸ்கிட்டோ_பப்பில் (செய்தி அனுப்பும் கட்டளை) மைனஸ் க்யூ 1, அதாவது க்யூஓஎஸ் 1 போட்டு அனுப்பியவை எல்லாம் வந்து சேர்ந்தன. சென்சார் அனுப்பியது ஒன்றுகூட வரவில்லை. சென்சாரில் இஎஸ்பி32 சிப், எம்க்யூடிடிக்கு பப்சப்கிளையன்ட் லைப்ரரி.

மதகடி

சார், அந்த லைப்ரரி க்யூஓஎஸ் (செய்தி போய்ச் சேர்றதை எவ்வளவு உறுதி பண்றதுங்கற மட்டம்) 0-ல மட்டும்தான் பப்ளிஷ் பண்ணும். கேமல் பக்கம் இயல்பா 2 இருந்தாலும் பயனில்லை, ரெண்டுல எது குறைவோ அதுதான் கிடைக்கும். இணைப்புல இல்லாத கிளையன்ட்டுக்கு க்யூஓஎஸ் 0 செய்தியை மொஸ்கிட்டோ இயல்பா எடுத்து வைக்காது. க்யூ_க்யூஓஎஸ்0_மெசேஜஸ் ட்ரூன்னு போட்டா வைக்கும், உடனடிக்கு அது போதும். முறையான வழின்னா இஎஸ்பி-ஐடிஎஃப்-க்கான (அந்தச் சிப்பைத் தயாரிக்கறவங்க தர்ற மென்பொருள் தொகுப்பு) எம்க்யூடிடி கிளையன்ட்டுக்கு மாறி க்யூஓஎஸ் 1-ல அனுப்பறது. ரீட்டெய்ன் போட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, அது கடைசி ஒரு அளவை மட்டும்தான் வச்சிருக்கும்.

மூணு போர்டுலயும் ஒரே புரோகிராமை ஏத்தியிருந்தா அங்கயும் ஐடி மோதும். மேக் முகவரியிலேர்ந்து ஐடி உண்டாக்கறது நல்லது.

அரசலாறு

க்யூஓஎஸ் 1 என்றால் ஒரே அளவு இரண்டு முறை வரலாம். டேபிளில் சென்சார் பெயர், அளந்த நேரம் இரண்டையும் சேர்த்து யூனிக் ஆக்கி, மோதினால் விட்டுவிடும்படி இன்சர்ட் எழுதுங்கள்.

அளந்த நேரம் சென்சாரிலிருந்தே வர வேண்டும். டேபிளில் நேர நெடுவரிசைக்கு நவ் (இப்போதைய நேரம்) என்று இயல்பு மதிப்பு வைத்திருந்தால், வரிசையில் தங்கியிருந்த அளவெல்லாம் கேமல் ஏறிய நொடியில் அளந்ததாகப் பதிவாகும். கேமல் மட்டும் நின்றிருந்த இரவில் மூணாறு தலைப்பில் மெல்ல மெல்ல ஏறிய தண்ணீர், கிராஃபில் காலையில் ஒரே நிமிடத்தில் ஏறியதாகத் தெரியும்.