பாட் 137 என்று விழுகிறது, மெமரியைக் கூட்டியும் நிற்கவில்லை

பின்தளம்_மட்டும்:
வணக்கம். ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) சேவை ஒன்றைக் குபர்நெட்டிஸில் (கன்டெய்னர்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) ஓட்டுகிறோம், ஜாவா 17. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு), டிராஃபிக் கூடும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகிறது. டிஸ்கிரைப் கட்டளை போட்டுப் பார்த்தால் எக்ஸிட் கோட் (பிராசஸ் முடியும்போது தரும் எண்) 137. தேடிய இடத்திலெல்லாம் "137 என்றால் மெமரி பற்றவில்லை" என்றே இருக்கிறது. லிமிட்டை 1 ஜிபியிலிருந்து 2 ஜிபிக்கு ஏற்றினேன், ஒரு மாற்றமும் இல்லை. கிராஃபில் பார்த்தால் 900 எம்பியைக்கூடத் தாண்டவில்லை. அப்புறம் இன்னொன்று: புது வெர்ஷன் போடும்போது பழைய பாட் ஒவ்வொன்றும் 'டெர்மினேட்டிங்' நிலையில் அரை நிமிடம் தொங்குகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

டாக்கர்ஃபைலின் கடைசி வரி ஒரு பாஷ் ஸ்கிரிப்டைக் கூப்பிடுகிறது. அது சில என்விரான்மென்ட் மாறிகளை வைத்துவிட்டுக் கடைசியில் 'ஜாவா -ஜார்' என்று கிளப்பும். வேறு எதுவும் செய்யாது.

உபகரணப்பெட்டி:
137க்கு மேலே 'ரீசன்' என்று ஒரு வரி இருக்கும். அதில் ஓஓஎம்கில்டு (மெமரி தீர்ந்து கொல்லப்பட்டது) என்று இருக்கிறதா, எரர் என்று இருக்கிறதா? ஈவென்ட்ஸில் கடைசியாக என்ன வந்திருக்கிறது?

பின்தளம்_மட்டும்:
ரீசன்: எரர். ஈவென்ட்ஸில் லைவ்னஸ் புரோப் (சேவை உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்கும் சோதனை) டைம்அவுட் என்று வரிசையாக வந்து, கடைசியில் கன்டெய்னர் ரீஸ்டார்ட் செய்யப்படும் என்று இருக்கிறது.

உபகரணப்பெட்டி:
அப்படியென்றால் மெமரியை விட்டுவிடுங்கள். 137 என்பது 128 + 9. ஒன்பதாம் எண் சிக்னல், அதாவது சிக்கில், வந்து பிராசஸ் செத்தது என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஒன்றுமில்லை. யார் அனுப்பினார்கள் என்று அது சொல்லாது. மெமரி லிமிட்டைத் தாண்டினால் கெர்னல் அனுப்பும், அப்போது ரீசனில் ஓஓஎம்கில்டு என்று விழும். சந்தேகமிருந்தால் நோடில் (பாட் ஓடும் கணினியில்) டிமெசேஜ், அதாவது கெர்னலின் பதிவுகள், பாருங்கள். சிகுரூப் மெமரி தீர்ந்தது என்று கெர்னல் எழுதி வைத்திருக்கும். உங்கள் விஷயத்தில் அது இருக்காது என்றே நினைக்கிறேன். இங்கே கொல்லச் சொன்னது கியூப்லெட், அதாவது ஒவ்வொரு நோடிலும் பாட்களைக் கவனிக்கும் குபர்நெட்டிஸ் ஏஜென்ட்.

கியூப்லெட் எடுத்த எடுப்பில் கொல்லாது. முதலில் கன்டெய்னர்டி (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) வழியாகச் சிக்டெர்ம், அதாவது 'முடித்துக்கொள்' என்று கேட்கும் 15ஆம் சிக்னல், போகும். அதற்குப் பிறகு டெர்மினேஷன் கிரேஸ் பீரியட் (மூடுவதற்குத் தரும் அவகாசம்) முடியும்வரை காத்திருக்கும்; எதுவும் மாற்றாவிட்டால் அது 30 விநாடி. அதற்குள் பிராசஸ் போகாவிட்டால்தான் சிக்கில். நீங்கள் சொல்லும் அரை நிமிடத் தொங்கலும் இந்த 137-உம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: உங்கள் ஜாவாவுக்குச் சிக்டெர்ம் போய்ச் சேரவே இல்லை.

ஏன் சேரவில்லை? கன்டெய்னர் என்று கெர்னலுக்குள் தனியாக ஒரு பொருள் கிடையாது. இருப்பது சாதாரண லினக்ஸ் பிராசஸ். அது எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் முடிவு செய்யும், எவ்வளவு செலவழிக்கலாம் என்பதைச் சிகுரூப் முடிவு செய்யும். பிஐடி (பிராசஸ் எண்) நேம்ஸ்பேஸுக்குள் முதலில் கிளம்பிய பிராசஸ் தன்னை 1 என்று பார்க்கும். நோடில் அதே பிராசஸுக்கு 48213 போல வேறொரு எண் இருக்கும். அந்த 1-க்குக் கெர்னல் ஒரு தனிச் சலுகை தருகிறது. தானாக ஹேண்ட்லர் (சிக்னலைப் பிடித்துக் கையாளும் கோட்) வைக்காத சிக்னல் அதற்கு வந்தால், வழக்கமாக நடக்க வேண்டிய சாவு நடக்காது, சிக்னல் அப்படியே கைவிடப்படும். வெளி நேம்ஸ்பேஸிலிருந்து வரும் சிக்கிலும் சிக்ஸ்டாப்பும் மட்டும் விதிவிலக்கு.

உங்கள் கன்டெய்னரில் 1 யார்? ஜாவா இல்லை, அந்த பாஷ் ஸ்கிரிப்ட். ஜாவா அதன் பிள்ளை. சிக்டெர்ம் பாஷுக்கு வருகிறது. அதில் டிராப் (பாஷில் ஹேண்ட்லர் வைக்கும் கட்டளை) எதுவும் இல்லை. கெர்னல் தூக்கிப் போடுகிறது. ஜாவாவுக்கு விஷயமே தெரியாது.

நம்பாவிட்டால் பாட்டுக்குள் போய் /ப்ராக்/1/ஸ்டேட்டஸ் கோப்பில் சிக்சிஜிடி என்ற வரியைப் பாருங்கள். எந்தெந்தச் சிக்னலுக்கு ஹேண்ட்லர் இருக்கிறது என்பதைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும். வலமிருந்து நான்காவது இலக்கம் 13 முதல் 16 வரையிலான சிக்னல்களுக்கு உரியது. அதில் 4 சேர்ந்திருந்தால் 15 பிடிக்கப்படுகிறது என்று பொருள்.

பின்தளம்_மட்டும்:
பார்த்தேன். 0000000000010002 என்று இருக்கிறது. நான்காவது இடத்தில் 0.

உபகரணப்பெட்டி:
அதேதான். அந்த 2 சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அழுத்தினால் வருவது), 1 என்பது சிக்சைல்டு (பிள்ளைப் பிராசஸ் முடிந்தால் வருவது). ஸ்கிரிப்டின் கடைசி வரியில் ஜாவாவுக்கு முன்னால் 'எக்செக்' என்ற ஒரே சொல்லைச் சேருங்கள். புதுப் பிராசஸ் பிறக்காது. பாஷ் இருந்த இடத்தில், அதே 1 என்ற எண்ணில், ஜாவா உட்கார்ந்துவிடும். ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) சிக்டெர்மைத் தானே பிடித்து ஷட்டவுன் ஹூக்குகளை ஓட்டும்.

இரவுக்காவல்:
எதற்கு ஸ்கிரிப்டைத் தொட வேண்டும்? டினியை (1 ஆக ஓடி, சிக்னலைப் பிள்ளைக்குக் கடத்தும் சின்னக் கருவி) முன்னால் போட்டால் முடிந்தது. நாங்கள் எல்லா இமேஜிலும் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

உபகரணப்பெட்டி:
டினி நல்ல கருவி, அனாதையான ஜாம்பிப் பிராசஸ்களை (முடிந்தும் பட்டியலில் நிற்பவை)க் கூட்டிப் பெருக்கவும் உதவும். ஆனால் இந்த ஸ்கிரிப்டை அப்படியே விட்டுவிட்டு டினி மட்டும் போட்டால் நிலைமை இன்னும் மோசம். டினி தன் நேரடிப் பிள்ளைக்கு, அதாவது பாஷுக்கு, சிக்டெர்மை அனுப்பும். பாஷ் இப்போது 1 இல்லை, சலுகையும் இல்லை, உடனே சாகும். பிள்ளை போனதும் டினியும் வெளியேறும். நேம்ஸ்பேஸின் 1 போய்விட்டால் உள்ளே மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் கெர்னல் சிக்கிலால் கொன்றுவிடும். வெளியே பார்த்தால் பாட் சீக்கிரம் மூடுகிறது, 143 (128 + 15) என்று அழகாக வருகிறது. உள்ளே ஜாவா பாதி வேலையில் வெட்டுப்பட்டிருக்கும். டினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்கிரிப்டில் எக்செக் வேண்டும்.

இரவுக்காவல்:
ஓ. எங்கள் ஸ்கிரிப்டுகளை இப்போதே திறந்து பார்க்கிறேன்.

ரூட்_இல்லாதவன்:
எக்செக் போட்டால் சாவு நாகரிகமாக நடக்கும், சரி. புரோப் ஏன் தோற்கிறது என்பது அப்படியே நிற்கிறதே? சிபியு லிமிட் எவ்வளவு, புரோப் டைம்அவுட் எவ்வளவு?

பின்தளம்_மட்டும்:
சிபியு லிமிட் 500 மில்லிகோர். டைம்அவுட் எதுவும் எழுதவில்லை. ஆனால் சிபியு கிராஃப் 60 சதவீதத்தைத் தாண்டவில்லை.

ரூட்_இல்லாதவன்:
எழுதாவிட்டால் டைம்அவுட் 1 விநாடி. 10 விநாடிக்கு ஒரு முறை கேட்கும், தொடர்ந்து 3 முறை தோற்றால் ரீஸ்டார்ட். அந்தக் கிராஃபை நம்பாதீர்கள், அது சராசரி. 500 மில்லிகோர் என்பது அரை சிபியு உங்களுக்கென்று ஒதுக்கி வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கெர்னல் கணக்கு வேறு: ஒவ்வொரு 100 மில்லிவிநாடியிலும் 50 மில்லிவிநாடி ஓடலாம். டாம்கேட்டில் (ஸ்பிரிங் பூட்டுக்குள் ஓடும் வெப் சர்வர்) ஒரே நேரத்தில் 4 திரெட் 4 கோரில் ஓடினால் அந்த 50, பன்னிரண்டரை மில்லிவிநாடியில் தீர்ந்துவிடும். மிச்சம் 87 சொச்சம் முழுப் பிராசஸும் உறைந்து நிற்கும், புரோபுக்குப் பதில் சொல்ல வேண்டிய திரெட்டும் சேர்த்து. டிராஃபிக் கூடும் நேரத்தில் இது அடுக்கிக்கொண்டே போகும்.

சிகுரூப் இரண்டாம் பதிப்பு என்றால் பாட்டுக்குள்ளேயே /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப் அடியில் சிபியு.ஸ்டாட் என்ற கோப்பு இருக்கும். என்ஆர்_பீரியட்ஸ் (மொத்தச் சுற்றுகள்), என்ஆர்_திராட்டில்டு (அவற்றில் உறையவைக்கப்பட்டவை) இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். அரை சிபியுவை ஜேவிஎம் மேல்நோக்கி முழுமையாக்கி 1 பிராசசர் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று என்பதால் சீரியல் ஜிசியை, அதாவது ஒரே திரெட்டில் மெமரிக் குப்பை அள்ளும் முறையை, தேர்ந்தெடுக்கும். அதாவது குப்பை அள்ளும்போது மொத்தச் சேவையும் நிற்கும், அள்ளுவதும் அரை சிபியுவில்.

பின்தளம்_மட்டும்:
திராட்டில்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! சிபியு லிமிட்டை 2 ஆக்கி, புரோப் டைம்அவுட்டை 3 விநாடி வைத்தேன். மெமரியைப் பழையபடி 1 ஜிபிக்கே இறக்கிவிட்டேன். எக்செக்கும் சேர்த்தாயிற்று; இப்போது நான்காவது இலக்கம் 5. ரீஸ்டார்ட் நின்றுவிட்டது, பாட் இரண்டு விநாடியில் மூடுகிறது.

ஆனால் ஒரு புதுத் தலைவலி. முன்பு டிப்ளாய் செய்யும்போது 502 (பின்னாலுள்ள சேவையிடமிருந்து சரியான பதில் இல்லை என்ற பிழை) எப்போதாவதுதான் வரும். இப்போது ஒவ்வொரு டிப்ளாயிலும் சில விநாடிகள் கொத்தாக வருகிறது. சரிசெய்த பிறகு மோசமாகுமா?

உபகரணப்பெட்டி:
ஆகும். முன்பு உங்கள் ஜாவா சிக்டெர்ம் தெரியாமல் 30 விநாடி தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. அந்தக் கோளாறுதான் இன்னொரு கோளாறை மூடி வைத்திருந்தது.

பாட்டை நீக்கச் சொன்னதும் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. ஒரு பக்கம் கியூப்லெட் சிக்டெர்ம் அனுப்புகிறது. இன்னொரு பக்கம் கன்ட்ரோலர் எண்ட்பாயின்ட் பட்டியலிலிருந்து (கோரிக்கைகளை அனுப்ப வேண்டிய பாட்களின் பட்டியல்) இந்த பாட்டின் ஐபியை வெளியே எடுக்கிறது. அது ஏபிஐ சர்வர் வழியாக ஒவ்வொரு நோடிலும் இருக்கும் கியூப்-பிராக்ஸிக்கும் (நோடில் டிராஃபிக்கைப் பாட்களுக்குத் திருப்புவது) உங்கள் இன்கிரஸுக்கும் (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளின் நுழைவாயில்) போய், அவை தத்தம் விதிகளை மாற்ற வேண்டும். எது முதலில் முடியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஜாவா இப்போது வேகமாகக் கதவை மூடுகிறது; இன்கிரஸுக்குச் சேதி வருவதற்குள் வந்த கோரிக்கைகள் மூடிய போர்ட்டில் முட்டுகின்றன.

பிரீஸ்டாப் ஹூக்கில் (பாட் மூடும் முன் ஓடும் வேலை) 10 விநாடி தூக்கம் வையுங்கள். ஹூக் முடிந்த பிறகுதான் சிக்டெர்ம் போகும். குபர்நெட்டிஸ் 1.30 முதல் இதற்கென்றே ஸ்லீப் என்ற வகை இயல்பாகவே கிடைக்கிறது, இமேஜில் ஸ்லீப் கட்டளை இருக்க வேண்டிய அவசியமில்லை.

கூட்டிப் பாருங்கள்: பிரீஸ்டாப்பின் 10 விநாடியும் அந்த 30-க்குள்ளேதான் கழியும். ஸ்பிரிங்கின் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன், ஓடும் கோரிக்கைகளுக்காக ஒரு கட்டத்துக்கு 30 விநாடிவரை காத்திருக்கும். 3.4க்கு முந்தைய ஸ்பிரிங் பூட் என்றால் அதை நீங்களே செட்டிங்கில் இயக்க வேண்டும். 10 + 30 = 40, ஆகவே கிரேஸ் பீரியடை 45 வையுங்கள்; இல்லாவிட்டால் மெதுவான கோரிக்கை ஒன்று மாட்டும் நாளில் மறுபடி 137 பார்ப்பீர்கள்.

பின்தளம்_மட்டும்:
45 வைத்தேன், பிரீஸ்டாப்பும் சேர்த்தேன். லோடு டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ளாய் செய்து பார்த்தேன், ஒரு 502 கூட இல்லை. மிக்க நன்றி, இரண்டு பேருக்கும். ஒரே ஒரு சின்னச் சந்தேகம்: மூடும்போது இப்போது 143 வருகிறது, ரீசனில் அதற்கும் எரர் என்றே இருக்கிறது. எங்கள் அலர்ட் அதற்கும் அடிக்கிறது.

ரூட்_இல்லாதவன்:
143 = 128 + 15. சிக்டெர்ம் கேட்டு ஒழுங்காக மூடிய ஜேவிஎம்மும் இந்த எண்ணைத்தான் தரும். ஓஓஎம்கில்டு போன்றவற்றைத் தவிர, பூஜ்யம் இல்லாத எதையும் குபர்நெட்டிஸ் எரர் என்றே எழுதும். அலர்ட் விதியில் 143ஐ விலக்கிவிடுங்கள், 137 இருக்கட்டும்.