நனைந்த மடிக்கணினியை உடனே இயக்கிப் பார்க்காதீர்கள்: எங்கள் அனுபவங்கள்

வேளச்சேரியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி:

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தபோது, சான்றிதழ்களையும் பத்திரங்களையும் அரிசி மூட்டையையும் பரண்மேல் ஏற்றிய நாங்கள், கட்டிலுக்கு அடியில் ஒரே பையில் கிடந்த இரண்டு மடிக்கணினிகளை அடியோடு மறந்துவிட்டோம். மறுநாள் காலையில் பையைத் தூக்கியபோது ஜிப்பின் இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்தது. ஒன்று என் கணவருடையது. மற்றொன்றில் என் ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்கள் இருந்தன.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளும் தவிப்பில், துணியால் துடைத்த கையோடு என் கணவர் தம்முடையதன் பவர் பட்டனை அழுத்திவிட்டார். ஒரு நொடி விளக்கு எரிந்தது, கருகிய வாடை வந்தது, அதன்பின் அது எழவே இல்லை. என்னுடையதையும் அவர் எடுத்தபோது, தண்ணீர் வடிக்க உதவிக்கு வந்திருந்த மாடிவீட்டு அண்ணன், “அதைத் தொடாதீங்க தம்பி, முதல்ல பேட்டரியைக் கழட்டணும்” என்று தடுத்து, சின்ன ஸ்குரூ டிரைவர் ஒன்றைக் கொண்டுவந்து அடிமூடியைத் திறந்தார். மின்விசிறியின் இறகுகளில் கோடு போட்டதுபோல் சேறு படிந்திருந்தது. பேட்டரியின் இணைப்பை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தபோது அதன் அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு வந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

கழற்றிய பேட்டரியை அவர் வீட்டுக்குள் வைக்க விடாமல் மொட்டைமாடியில் நிழலான கல்தரையில் வைக்கச் சொன்னார். தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் ஷார்ட் ஆகிப் பின்னர் தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். கணினியை விசைப்பலகை கீழ்நோக்கும்படி, கூடாரம்போல் கவிழ்த்து, துண்டின்மேல் வைத்தோம். தெருவில் தண்ணீர் வடிய நான்கு நாட்கள் ஆயின. அதன் பிறகே கடைக்குக் கொண்டுபோக முடிந்தது. புதிய பேட்டரியும் விசைப்பலகையும் போட்ட பிறகு என்னுடையது உயிர்பெற்றது. இரண்டும் வெவ்வேறு மாடல்கள் என்பதால் பட்டனை அழுத்தியது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனாலும் என் கணவரின் கணினியின் மதர்போர்டில் (முதன்மை மின்சுற்றுப் பலகையில்), சார்ஜிங் பகுதிக்கு அருகே மிளகளவுக்குக் கருகியிருந்த இடத்தைப் பழுது பார்த்தவர் லென்ஸ் வைத்துக் காட்டியபோது எனக்கு ஐயம் மிச்சமிருக்கவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் பழுது நீக்கும் ஒருவர்:

சகோதரி எழுதியது முற்றிலும் சரி. தண்ணீரைவிட, தண்ணீருக்குள் பாயும் மின்சாரம்தான் போர்டை அழிக்கிறது. குழாய்த் தண்ணீரிலும் வெள்ள நீரிலும் கரைந்துள்ள உப்புகளின் வழியே மின்சாரம் ஓடும்போது செம்புத் தடங்கள் அரிக்கப்பட்டுப் பச்சை நிறத்தில் பூத்துவிடும். கணினியை அணைத்துவிட்டாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை சில தடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே தண்ணீர் கொட்டியவுடன், சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்குங்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். முடிந்தால் பேட்டரியைப் பிரியுங்கள். திறக்கத் தெரியாவிட்டால் அப்படியே கடைக்கு எடுத்து வாருங்கள்.

அரிசிக்குள் புதைத்துவிட்டுக் கொண்டுவருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சிப்புக்கு அடியில் தங்கிய நீரை அரிசி உறிஞ்சாது. அதன் மாவும் துகளும் துளைகளுக்குள் போவதுதான் மிச்சம். ஹேர் டிரையரின் சூடான காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளிவிடும். தானாகவே காய்ந்தாலும் உப்பும் அழுக்கும் போர்டிலேயே தங்கிவிடுவதால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி மூன்று வாரம் கழித்துத் திடீரென நின்றுபோய் வருவது எங்களுக்கு வாடிக்கையான காட்சி. போர்டைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவ வேண்டும். சர்க்கரை போட்ட காபி, டீ என்றால் முதலில் டிஸ்டில்டு வாட்டரில் கழுவினால்தான் பிசுக்கு போகும்.

கணினியைவிடத் தரவு முக்கியம் என்றால், கடைக்காரரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல மாடல்களில், தரவு சேமிக்கப்படும் எஸ்எஸ்டி ஒரே ஒரு ஸ்குருவில் கழன்றுவிடும்; அதை என்க்ளோஷரில் (யுஎஸ்பி வழியே இணைக்கும் வெளிக்கூட்டில்) போட்டு வேறு கணினியில் படித்துவிடலாம். இன்றைய மேக்புக்குகளில் அது போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருப்பதால் அங்கு இந்த வழி இல்லை. விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் தரவுப் பூட்டு இயங்கிக்கொண்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிடாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணக்காளர்:

என்னுடையது வெள்ளமல்ல, ஒரு சொம்புத் தண்ணீர். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் இரவில் என் கை பட்டுக் கவிழ்ந்தது. வாங்கி ஏழு மாதமே ஆனதால் வாரண்டி இருக்கிறது என்ற தைரியத்தில் சேவை மையத்துக்குப் போனேன். போர்டில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை ஸ்டிக்கர் சிவப்பாக மாறியிருந்ததைக் காட்டி, திரவம் பட்ட பழுது சாதாரண வாரண்டியில் சேராது என்றார்கள். வாங்கும்போது தனியாகக் கட்டணம் கட்டி எடுத்திருக்க வேண்டிய விபத்துப் பாதுகாப்புத் திட்டத்தை நான் எடுத்திருக்கவில்லை. மேலே சொன்ன முறையில் வெளிக்கடை ஒன்றில் கழுவிக் கொடுத்தார்கள், கணினி ஓடுகிறது. விசைப்பலகையில் ‘எண்டர்’ பொத்தான் மட்டும் இரண்டுமுறை அழுத்தினால்தான் வேலை செய்கிறது.