மாடியில் அடை வைத்த 12 முட்டைகளில் 3 மட்டுமே பொரிந்தன: அடுத்த அடைக்கு எதை மாற்ற வேண்டும்?

தண்டையார்பேட்டை மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சேவலும் நான்கு சிறுவிடைப் பெட்டைகளும் (சிறிய உருவ நாட்டுக்கோழி) வளர்த்து வருகிறேன். கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால் முட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்பார் என் மாமியார். அவர் கிராமத்தில் கோழிகளோடு வளர்ந்தவர் என்பதால் அவர் சொன்னபடியே கடந்த மே மாதம் 12 முட்டைகளை அடை வைத்தேன்.

அந்த முட்டைகள் ஏறத்தாழ 18 நாள்களில் சேர்ந்தவை. அவற்றைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைக்கோல் பரப்பி, தகரக் கொட்டகையின் கீழ் கோழியை உட்கார வைத்தேன். 21ஆம் நாள் 3 குஞ்சுகள் வந்தன. 5 முட்டைகள் கூமுட்டையாகிவிட்டன. மீதி நான்கிலும் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தது. அந்த நான்கில் ஒன்று மூக்கால் ஓட்டைக் கொத்தித் துளையிட்டிருந்ததைப் பார்த்து, வெளியே வரச் சிரமப்படுகிறதோ என்று நான் ஓட்டைப் பிரித்தேன். இரத்தம் கசிந்து சிறிது நேரத்தில் இறந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

பிழைத்த மூன்றில் ஒன்றைப் பெருச்சாளி கொண்டுபோய்விட்டது. இப்போது வேறொரு பெட்டை இரண்டு நாள்களாக இறகைச் சிலிர்த்துக்கொண்டு, தொட்டால் உறுமிக்கொண்டு, முட்டையிடும் இடத்தைவிட்டு எழாமல் கிடக்கிறது. இந்த முறை எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மணலி தோட்டம் எழுதியது:

உங்கள் மாமியார் சொன்னது அவருடைய ஊருக்கு முழுவதும் சரியானது, அம்மா. அங்கே மண்சுவர், கூரை வீடு, இருட்டான மூலை, மண்தரை எல்லாம் இருந்தன. கோழி தன் வேலையை மட்டும் செய்தால் போதுமாக இருந்தது. மாடியில் அந்த இடத்தை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் முட்டையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் இழப்பின் பாதி, கோழி உட்காருவதற்கு முன்பே நேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். மே மாதத்தில் நம் ஊர்ச் சமையலறை அலமாரியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் கரு முழுமையாக வளரவும் முடியாமல், உறங்கிக் கிடக்கவும் முடியாமல், அரைகுறையாகத் தொடங்கி இறந்துவிடும். அடைக்கான முட்டைகளை ஏழு நாள்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். கோடையில் ஐந்து நாள்களோடு நிறுத்துவதே நல்லது. ஒரு மண்சட்டியில் ஈர மணலை நிரப்பி, அதன்மேல் சிறிய மண்பானையை வைத்து, முட்டையின் அகன்ற முனை மேலே இருக்கும்படி அதில் அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். அழுக்கான முட்டையைக் கழுவாதீர்கள். அதை விலக்கிவிட்டு வேறொன்றை வைப்பதே நல்லது.

தேதி எழுதுவதில் மற்றொரு பயனும் உண்டு. கோழி தீனிக்கு எழுந்து போகும் நேரத்தில் வேறு பெட்டை வந்து அதே கூட்டில் முட்டையிட்டுவிடும். குறியில்லாத முட்டையை அன்றே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் குஞ்சுகள் வந்ததும் தாய் அவற்றோடு கிளம்பிவிடும், பின்னால் சேர்ந்த முட்டை குளிர்ந்துபோகும்.

7ஆம் நாள் இரவு இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பாருங்கள். சிலந்தி போல நரம்புகள் பரவியிருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. வெறுமையாக ஒளிர்ந்தால் கரு கூடாத முட்டை. ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கி இறந்துவிட்டது என்று பொருள். பின்னிரண்டையும் எடுத்துவிடலாம். உங்கள் 5 கூமுட்டைகளை உடைத்துப் பார்த்தீர்களா?

ஓட்டைப் பிரித்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்; என் முதல் அடையில் நானும் அதையே செய்தேன். துளையிட்ட பிறகு குஞ்சு பல மணி நேரம் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உட்புறத் தோலிலுள்ள இரத்தம் உள்ளே வற்றி, மீதி மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. தாயின் அடிவயிற்றின் கீழ் அதை விட்டுவிடுவதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

கொருக்குப்பேட்டை ஷீட் வீடு எழுதியது:

முட்டை சேர்த்ததில் பிழை இருக்கலாம். ஆனால் முழுதாக வளர்ந்து இறந்த நான்குக்கும் தகரமும் தொட்டியுமே காரணம் என்பது என் கருத்து. அடைக்கு ஏற்ற சூடு 37.5 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கோடை நண்பகலில் தகரத்தின் கீழ் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கடைசி வாரத்தில் குஞ்சின் உடலும் சூட்டை வெளியிடுவதால் கோழி எழுந்து நின்றால்கூட முட்டை ஆறாது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் தொட்டியில் அதற்கு வழியே இல்லை. மூங்கில் கூடையிலோ வாயகன்ற மண்சட்டியிலோ மூன்று விரல் உயரம் மணல் போட்டு, நடுவைச் சற்றே குழித்து, அதன்மேல் வைக்கோல் பரப்புங்கள். தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேயுங்கள்; முடிந்தால் அந்த 21 நாளும் கூடையை மாடிப்படியின் கீழே வைத்துவிடுங்கள். இடம் மாற்றுவதை இரவில்தான் செய்ய வேண்டும், பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்று பேன். சென்ற ஆண்டு என் அடைக்கோழி 16ஆம் நாள் முட்டைகளை விட்டுவிட்டுப் போனது. கூட்டில் கையை வைத்தபோதுதான் பொடிப்பொடியாகப் பேன் ஏறியது. இப்போது உட்கார வைப்பதற்கு முன்பே வைக்கோலை வெயிலில் காயவைக்கிறேன், கோழி புரள்வதற்கு மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு தட்டில் வைக்கிறேன். நாளுக்கு ஒரு முறை அது தானாக எழுந்து கால்மணி நேரம் தின்று, குடித்து, எச்சமிட்டு வர வேண்டும். எழாத கோழியை மெதுவாகத் தூக்கி வெளியே விடுங்கள். அப்போது எச்சம் பெரிதாகவும் நாற்றமாகவும் இருக்கும், அது நோயன்று. சிறுவிடைக்கு 10 முட்டைக்கு மேல் வைக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை மாடிவீடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. கூமுட்டைகளை அன்றே உடைத்துப் பார்த்தேன். இரண்டில் சிவப்பு வளையம் இருந்தது, மூன்றில் மஞ்சள் கரு தெளிவாக இருந்தது. நேற்றிரவு மாடிப்படியின் கீழே மூங்கில் கூடையில் 9 முட்டைகள் வைத்துக் கோழியை உட்கார வைத்துவிட்டேன். எல்லாம் இந்த வாரத்தில் இட்டவை. குஞ்சுகள் வந்த பிறகு பெருச்சாளியை எப்படித் தடுப்பது?

மணலி தோட்டம் எழுதியது:

குஞ்சுகளை அடைக்கும் கூண்டில் வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடிப்பக்கத்தையும் வலையால் மூடுங்கள். சாக்கடையோரத் தெருக்களில் பெருச்சாளி கீழிருந்துதான் வரும். முதல் நாள் தீனிக்கு அவசரப்பட வேண்டாம், வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். பிறகு நொய்யோ குஞ்சுத் தீவனமோ கொடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போடாவிட்டால் குஞ்சு அதில் மூழ்கிவிடும். தாய் இருக்கும்வரை சூட்டுக்கென்று பல்பு வேண்டாம். ஐப்பசி மழையில் தரை ஈரமானால் இரத்தக்கழிச்சல் வரும், தரையில் பரப்பும் உமியை அடிக்கடி மாற்றுங்கள்.

எதை விட்டாலும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை விடாதீர்கள். 7ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மாதவரம் பால்பண்ணையிலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்திலும் கோழி வளர்ப்பு பற்றி ஆலோசனை பெறலாம்.

கொருக்குப்பேட்டை ஷீட் வீடு எழுதியது:

லசோட்டா ஒரு குப்பியிலேயே குறைந்தது 100 குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும். கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். என் வீட்டிலும் ஒரு கோழி முந்தாநாள்தான் அடைக்கு உட்கார்ந்தது. உங்கள் குஞ்சுகள் எந்த நாளில் பொரிந்தன என்று இங்கே எழுதுங்கள். ஒரே குப்பியை வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் நான் கொண்டுவந்து தருகிறேன்.