ரெஸ்லிங் நேரில் பார்த்த ஆக்கள் இருக்கிறீங்களா?

கிளிநொச்சிப் பெடியன்: அரங்கில் பார்த்தால் எப்படி இருக்கும்? எங்கட அப்பா "எல்லாம் நடிப்பு" என்று சனலை மாத்திவிடுவார்.

முல்லைத்தீவான்: தம்பி, இப்ப ஊரில்தான் நிற்கிறேன். 2002 மார்ச்சில் டொரொண்டோ ஸ்கைடோம் விளையாட்டரங்கில் ரெஸில்மேனியா என்ற பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சி பார்த்தேன். ரொக், ஹோகன் என்ற ரெண்டு பிரபல வீரர்கள் மோதினவை. வில்லன் ஹோகன்தான், ஆனால் 68,000 சனத்தில் முக்கால்வாசி அவருக்கே கத்தினது! ரொக்குக்கு எதிர்ப்புக் கூக்குரல். மேல்தட்டில் இருந்து பார்த்தால் ஆக்கள் தீப்பெட்டி அளவு. வர்ணனையும் கேட்காது. விழுகிற சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் மேலே வரும்.

வவுனியா அக்கா: ஆர் வென்றது?

முல்லைத்தீவான்: ரொக். முடிவு முதலே தீர்மானித்ததுதான், அப்பா சொல்வது சரி. ஆனால் சண்டை மேடை விரிப்புக்குக் கீழே மெல்லிய பஞ்சு, பலகை, இரும்புச் சட்டம். விழுந்தால் நோகும்.

கிளிநொச்சிப் பெடியன்: சரி அண்ணை, இதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுறன்.