புதுப்பிப்பு: மனிதவளம் படிக்கலாமா என்று கேட்டிருந்தேனே...

இளநிலையில் மேலாண்மையும் மனிதவளமும் எடுக்கலாமா, கணக்கியல் பக்கம் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "நன்றாகப் பேசத் தெரிந்தால் போதுமே, அதற்கு எதற்குப் பட்டம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். சேர்ந்துவிட்டேன், முதலாண்டும் முடிந்தது.

கணக்கியல், பொருளியல், புள்ளியியல் மூன்றும் இதிலும் உண்டு. தப்பிக்க முடியாது.

என்னைப் பிடித்துக்கொண்டது ஆள்தேர்வுப் பாடம். ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-ல், ஆள்தேர்வு முறைகளைப் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் 'கட்டமைத்த நேர்காணல்', பிற்கால வேலைத்திறனோடு 0.51 அளவுக்கு ஒத்துப்போனது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்). தோன்றியதைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38தான். 2022-ல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழு அந்தக் கணக்கைத் திருத்தியதில் எண்கள் இறங்கின. ஆனால் அந்தத் திருத்திய கணக்கில், ஆள்தேர்வு முறைகளிலேயே முதலில் நின்றது கட்டமைத்த நேர்காணல்தான். "ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கையால் எத்தனை தகுதியானவர்களுக்கு வேலை கைநழுவியிருக்கும்! அதை மாற்றுகிற இடத்தில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

இன்னும் தயங்குகிறவர்கள், பாடத்திட்டத்தில் தொழிலாளர் சட்டமும் ஊதிய நிர்வாகமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். எனக்கு அடுத்த பருவத்தில் ஊதிய நிர்வாகம், முடித்ததும் எழுதுகிறேன்.