கலிஃபோர்னியாவிலேயே இருப்பதா, டெக்சாஸுக்குப் போவதா?

கேள்வி: சன்னிவேல் வாடகைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகளாகக் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில், இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்ககத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வாடகை இப்போது மாதம் 3,650 டாலர். குடும்பத்தில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். சம்பளம் ஆண்டுக்கு 2.3 லட்சம் டாலர், அதற்கு மேல் கைக்கு வந்து சேரும் நிறுவனப் பங்குகள் ஏறத்தாழ 40,000 டாலர். கேட்பதற்குப் பெரிய தொகையாக இருக்கிறது. ஆனால் இதே தெருவில், 1950களில் கட்டப்பட்ட மூன்று படுக்கையறை வீடு 19 லட்சம் டாலருக்கு விற்கிறது. முன்பணமாக அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்ப்பதற்குள் என் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு இப்போது ஏழு வயது. அவளுடைய படிப்பு மேசை சமையலறை ஓரத்தில் இருக்கிறது. என் மனைவி குக்கரை இறக்கும்போதெல்லாம், நீராவி படாமலிருக்க நோட்டுப் புத்தகங்களை மடியில் வாரி வைத்துக்கொள்கிறாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சென்ற மாதம் டல்லாஸ் அருகே பிரிஸ்கோவில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே நான்கு படுக்கையறைகள், பின்கட்டில் ஊஞ்சல், குழந்தைக்கென்று தனி அறை. திரும்பி வரும்போது விமானத்தில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என் நிறுவனம் டல்லாஸ் அலுவலகத்துக்கு மாற்றிக்கொள்ள இசைகிறது. சம்பளத்தில் பத்து சதவீதம் குறையும். இங்கே மாநில வருமான வரியாக மட்டும் சுமார் 17,000 டாலரும், ஊனமுற்றோர் காப்பீட்டுப் பிடித்தமாக 3,000 டாலருக்குச் சற்று மேலும் போகின்றன. டெக்சாஸில் இவ்விரண்டும் கிடையாது. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன், நிரந்தரக் குடியுரிமைக்காக (கிரீன் கார்டு) நிறுவனம் போட்ட ஐ-140 மனு ஒப்புதலாகிவிட்டது, கார்டு எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. இரு பக்கமும் வாழ்ந்து பார்த்தவர்கள், பணக் கணக்கையும் அதற்கு அப்பாற்பட்டதையும் மறைக்காமல் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பிரிஸ்கோவாசி

நண்பரே, நான் 2020 ஆகஸ்டில் சான் ஹோசேயிலிருந்து இங்கு வந்தவன். வந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆண்டு குடிபெயர்ந்தவர்களின் கணக்கை வைத்து நீங்கள் இன்று முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். நான் வாங்கிய வீட்டின் விலை 3.85 லட்சம் டாலர், வட்டி மூன்று சதவீதத்துக்கும் கீழே. அதே தெருவில் அதே அளவு வீடு இன்று 6.2 லட்சம் டாலர்.

அந்த விலையில் இருபது சதவீத முன்பணம் கட்டி, மீதி 4.96 லட்சத்தை 6.75 சதவீத வட்டிக்கு முப்பது ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை 3,217 டாலர் வரும். முதல் மாதத் தவணையில் அசலுக்குப் போவது 427 டாலர்தான், மீதியெல்லாம் வட்டி. இதன் மேல் சொத்து வரி மாதக் கணக்கில் சுமார் 780, வீட்டுக் காப்பீடு 400, குடியிருப்போர் சங்கக் கட்டணம் 60 என்று கூட்டிப் பாருங்கள். நீங்கள் இப்போது தரும் வாடகையைவிட மாதம் 800 டாலர் அதிகமாகிறது.

வரியில் மிச்சமாவதும் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை. சம்பளத்தில் குறையும் 23,000 டாலரில் மத்திய அரசின் வரி போக உங்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது சுமார் 17,000. மாநில வரியிலும் பிடித்தத்திலும் மிச்சமாகப் போவது சுமார் 20,000. ஆக, ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது மூவாயிரம் டாலர் அளவே. அதுவும் முதல் சில ஆண்டுகளில் முழுமையாகக் கிடைக்காது. கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது வழங்கப்பட்ட பங்குகள் டெக்சாஸுக்கு வந்த பிறகு கைக்கு வந்தாலும், வழங்கிய நாளிலிருந்து கைக்கு வரும் நாள் வரை நீங்கள் அங்கே வேலை செய்த நாள்களின் விகிதப்படி கலிஃபோர்னியா வரி கேட்கும். இது தெரியாமல் நான் இரண்டாம் ஆண்டு அபராதத்தோடு கட்டினேன்.

சொத்து வரியைப் பற்றிச் சொல்லும்போது சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். இங்கே விகிதம் அதிகம்தான். ஆனால் அங்கே 19 லட்சம் டாலர் வீட்டை இன்று வாங்குகிறவர் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் கட்டுவார். வேறுபாடு பின்னால் வருகிறது. டெக்சாஸில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்குப் பத்து சதவீதம் வரை ஏறலாம். முதல் முழு ஆண்டில் நான் கட்டியது 7,800 டாலர்; பள்ளிகளுக்கான வரியைக் கணக்கிடும்போது வீட்டு மதிப்பிலிருந்து கழிக்கும் தொகையை 2023-இல் ஒரு லட்சம் டாலராக உயர்த்திய பிறகும், இப்போது கட்டுவது 8,600. ஒவ்வொரு வசந்த காலத்திலும் மதிப்பீட்டு அறிக்கை வரும். அதை எதிர்த்து மனுப் போடுவது இங்கே ஆண்டுக்கொரு சடங்கு. மறவாமல் போடுங்கள்.

வானிலையையும் மறைக்காமல் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்தபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. குழாய் வெடித்ததால் தோட்டத்துப் பனியை வாளியில் அள்ளி வந்து, உருக்கிக் கழிவறைக்கு ஊற்றினோம். மாநிலம் முழுவதும் 246 பேர் இறந்ததாக அரசே பின்னர் கணக்குக் காட்டியது. டெக்சாஸின் மின்கட்டமைப்பு அண்டை மாநிலங்களோடு போதிய இணைப்பின்றித் தனித்து நிற்பதால், தட்டுப்பாட்டின்போது வெளியிலிருந்து வாங்கிச் சமாளிக்க முடியவில்லை. ஆலங்கட்டி மழையும் உண்டு. 2023-இல் கூரையை மாற்ற வேண்டியிருந்தது. காப்பீடு இருந்தும், வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இரண்டு சதவீதம் நம் பொறுப்பு என்ற விதியால் 9,000 டாலர் கையிலிருந்து போயிற்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஏன் வருந்தவில்லை என்று கேட்பீர்கள். என் அப்பா ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் தங்கினார். அவருக்கென்று கீழ்த்தளத்தில் ஓர் அறை இருந்தது. சான் ஹோசேயில் அவர் கூடத்துச் சோபாவில்தான் படுத்திருந்தார். அந்த ஓர் அறைக்காகவே நான் வந்தேன் என்று சொல்வேன். பணம் மிச்சமாகும் என்று வராதீர்கள். இடம் வேண்டும் என்று வந்தால், அது கிடைக்கும். வருவதற்கு முன் ஜூலையிலோ ஆகஸ்டிலோ ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். மார்ச் மாதத்தில் பார்க்கிற பிரிஸ்கோ வேறு.

பதில் 2: இரண்டாம் மாடி

நான் சான்டா கிளாராவில் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். மேலே எழுதியவரின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நிலையில் அதுவே முதன்மையானது.

2023 ஜனவரியில் என்னை ஆட்குறைப்பில் நீக்கினார்கள். காலை ஆறரை மணிக்கு மின்னஞ்சல் வந்தது. ஏழு மணிக்குள் கணினி பூட்டிக்கொண்டது. எச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் அறுபது நாள். அதற்குள் வேறொரு நிறுவனம் நமக்காக மனுத் தாக்கல் செய்யாவிட்டால், பிள்ளைகளின் பள்ளி, வாடகை ஒப்பந்தம், கார்க் கடன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். அந்த நாள்களில் சமையலறை நாள்காட்டியில் என் மனைவி ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்றாம் நாள் வேலை கிடைத்தது. புதிய அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து பதினோரு மைல். பிள்ளைகளின் பள்ளி மாறவில்லை, வீடு மாறவில்லை.

இந்த வட்டாரத்தில் நம் தொழில்நுட்பத் துறை நிறுவனங்கள் இத்தனை நெருக்கமாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் 1872 முதலே செல்லாது. டெக்சாஸில் நியாயமான கால, இட வரம்புக்குள் அது செல்லும். நாங்கள் தரும் வாடகையில் ஒரு பகுதியை, அடுத்த வேலைக்கான கட்டணமாகவே நான் பார்க்கிறேன். டல்லாஸிலும் நிறுவனங்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்களுடைய குறிப்பிட்ட தொழில்நுட்பத்துக்கு அங்கே எத்தனை இடங்களில் ஆள் எடுக்கிறார்கள் என்று இப்போதே, வேலையில் இருக்கும்போதே, எண்ணிப் பாருங்கள். விரல்விட்டு எண்ண முடிந்தால் யோசியுங்கள்.

மற்றொன்று. வேறு பெருநகருக்கு இடம் மாறினால் எச்1பிக்குத் திருத்த மனுப் போட வேண்டும். கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்று (அந்த வேலைக்கு உள்நாட்டில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்ற அரசுச் சான்று) சன்னிவேல் பணியிடத்துக்கென்று வாங்கியிருந்தால், டல்லாஸுக்காக அதை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம். கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பழைய தேதி உங்களோடு வரும் என்பது ஒன்றே ஆறுதல். நிறுவனம் இதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

பதில் 3: பிரீமான்ட் அம்மா

தம்பிக்கு வணக்கம். நாங்கள் 1996-இல் பிரீமான்டில் 2.8 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினோம். 1978-இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய பதின்மூன்றாம் முன்மொழிவின்படி, வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு உயரும். அதனால் எங்கள் வீட்டின் வரி மதிப்பு இன்று ஐந்து லட்சத்துக்குள் இருக்கிறது, ஆண்டுக்கு 5,700 டாலர் கட்டுகிறோம். சென்ற ஆண்டு பக்கத்து வீட்டை 17 லட்சத்துக்கு வாங்கிய இளம் தம்பதி 19,500 டாலர் கட்டுகிறார்கள். ஒரே வேலி, ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளி. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த ஊரை நான் நேசிக்கிறேன். முப்பது ஆண்டுகளாக ஆண்டில் பத்து மாதம் மாலையில் நடக்கப் போகிறேன். கான்கார்ட் முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போயிருக்கிறோம். என் இரு பிள்ளைகளும் மாநிலத்தவர் கட்டணத்தில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார்கள். வெளிமாநில மாணவர் இன்று அதைவிட ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். இவையெல்லாம் எங்களுக்கு இந்த மாநிலம் கொடுத்தவை.

ஆனால் அந்த இரு பிள்ளைகளாலும் இங்கே வீடு வாங்க முடியவில்லை. ஒருவன் வட கரோலினாவில், ஒருத்தி சாக்ரமென்டோவுக்கு அப்பால். பேரனின் முதல் அடியை நான் வீடியோவில்தான் பார்த்தேன். பெற்றோரின் குறைந்த வரி மதிப்பு பிள்ளைகளுக்குப் போக வேண்டுமென்றால், 2020-இல் வந்த பத்தொன்பதாம் முன்மொழிவின்படி அவர்களே அந்த வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. வேலையும் வாழ்க்கையும் வேறிடத்தில் வேர்விட்ட பிறகு அவர்கள் எப்படி வருவார்கள்? நீங்கள் இருபது ஆண்டு இங்கே தாக்குப்பிடித்து வீடு வாங்கினாலும், உங்கள் மகள் எங்கே வீடு வாங்குவாள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அந்தக் கேள்வியை எங்களுக்கு அன்று யாரும் கேட்கவில்லை.

பதில் 4: வாடகைதாரர் குரல்

இருப்பதென்று முடிவு செய்தால் ஒரு குறிப்பு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அடுக்ககங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்: வாடகையை ஆண்டுக்கு ஐந்து சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்ந்த அளவுக்கு மேல் ஏற்ற முடியாது, எப்படியும் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தக்க காரணமின்றிக் காலி செய்யவும் சொல்ல முடியாது. இச்சட்டம் 2030 தொடக்கம் வரை நடப்பில் இருக்கும். உங்கள் கட்டடத்தின் வயதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: சன்னிவேல் வாடகைக்காரர்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். மூவாயிரம் டாலர் என்ற இடத்தில் இருவரும் நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுத்துத் திரும்பக் கணக்கிட்டோம். எங்களுக்கும் அதே தொகைதான் வந்தது. இத்தனை நாளாக நான் இருபதாயிரம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிரீமான்ட் அம்மாவின் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு, கூடத்தில் இருந்த பெரிய சோபாவை விற்றுவிட்டு, சன்னலோரம் மகளின் மேசையைப் போட்டோம். அவள் அதன் மேல் ஒரு செடித் தொட்டி வைத்திருக்கிறாள்.

தொழிலாளர் சான்றைப் பற்றி வழக்கறிஞருக்கு எழுதியிருக்கிறேன். சம்பளக் குறைப்பின்றி மாற்ற முடியுமா என்று மேலாளரிடம் அடுத்த வாரம் கேட்கப் போகிறேன்; இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், அங்கே உடனே வீடு வாங்காமல் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதாக உத்தேசம். எதுவானாலும் ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிரிஸ்கோவில் அறை பதிவு செய்துவிட்டோம். பிரிஸ்கோவாசி அவர்களே, அந்த வாரம் ஊரில் இருப்பீர்களானால் ஒரு மாலை உங்கள் தெருவில் நடந்து பார்க்க விரும்புகிறோம்.

பதில்: பிரிஸ்கோவாசி

இருக்கிறேன். நடப்பதென்றால் இரவு எட்டரைக்குப் பிறகு வாருங்கள். அதற்கு முன் தார்ச்சாலை சுடும். இரவு உணவு எங்கள் வீட்டில்தான். குழந்தைக்குக் காரம் குறைக்க வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.