ஃபிஜி மென்பொருளில் நிறுவிய செருகுநிரல் இயங்கவில்லை – உதவி தேவை

வணக்கம். நுண்ணோக்கிப் படங்களில் செல்களை எண்ணுவதற்காக, ஆய்வகத்தின் விண்டோஸ் கணினியில், படங்களை ஆராயும் இமேஜ்ஜே மென்பொருளைச் செருகுநிரல்களுடன் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சேர்த்துத் தரும் ஃபிஜியைப் பயன்படுத்துகிறேன். ஒரு செருகுநிரலின் ஜார் கோப்பை (ஜாவா மொழி நிரலின் தொகுப்புக் கோப்பு) 'பிளகின்ஸ்' கோப்புறையில் வைத்து, மென்பொருளை மூடித் திறந்ததும், அதன் பெயர் மெனுவில் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொடுக்கியவுடன், 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற பிழைச் செய்தி 55.0, 52.0 என்ற இரு எண்களுடன் தோன்றுகிறது. முன்னது ஜாவாவின் 11ஆம் பதிப்பையும் பின்னது 8ஆம் பதிப்பையும் குறிப்பதால், புதிய ஜாவாவில் தொகுக்கப்பட்ட கோப்பை ஃபிஜியுடன் வந்த பழைய ஜாவா ஏற்க மறுக்கிறது என்றே கருதுகிறேன். ஃபிஜியை மட்டும் ஜாவா 11இல் இயக்கினால், அன்றாடம் பயன்படுத்தும் பழைய செருகுநிரல்களும் மேக்ரோக்களும் (தானாக இயங்கும் கட்டளைத் தொடர்கள்) பாதிக்கப்படுமா? தனிக் கோப்புறையில் இன்னொரு ஃபிஜியை வைத்துக்கொள்வதே பாதுகாப்பானதா? செய்து பார்த்தவர்கள் வழிமுறையைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.